துரும்புக்குச் சட்டம் உண்டா

"உங்கள் ஜனங்கள் எதைக் கல்யாணம் என்கிறார்கள்?"

பேராசிரியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். சீமையில் ஒரு சர்வகலாசாலையில் சட்டம் சொல்லிக்கொடுப்பவர். ஒரு வருஷ லீவில் மலாயா வந்து, தோட்டத்துத் தமிழர்களின் கல்யாண வழக்கங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்துக் கல்யாணங்களைப் பதிவு செய்ய ஒரு சட்டம் கொண்டுவரலாமா என்று சர்க்கார் ஒரு கமிட்டி வைத்திருந்தது. அவருடைய அறிக்கை அந்தக் கமிட்டிக்குப் போகும் என்று சொன்னார்கள். நான் ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கும் குமாஸ்தா. தோட்டத்துப் பேச்சும் இங்கிலீஷும் ஒருசேரத் தெரிந்த ஆள் என்பதால் எங்கள் வக்கீல் என்னை அவருக்கு மொழிபெயர்க்கக் கொடுத்தார்.

"தாலி கட்டினால் கல்யாணம்" என்றேன்.

"யார் முன்னால்?"

"ஊரார் முன்னால்."

"கட்டியதை அறுக்க முடியுமா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அவர் புஸ்தகத்துக்காகக் கேட்ட கேள்வியையே எங்கள் வீட்டில் போலீஸ் வந்து கேட்டுக்கொண்டிருந்தது.

நான் பிறந்தது சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில். அப்பா செத்த பிறகு அக்காதான் ரப்பர் மரத்தில் பால் வெட்டி என்னைப் பள்ளிக்கூடத்தில் வைத்தாள். எங்கள் வம்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அக்காவுக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மரத்தடியில் கல்யாணம் நடந்தது. ஐயர் இல்லை, ஓமம் இல்லை. ஊர்க்கூட்டத்துப் பெரியவர் தாலியை எடுத்துக் கொடுக்க, அவன் கட்டினான். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அவன் கள்ளுக்கடைக்குப் போனால் திரும்பி வந்து அடிப்பான். கடைசியில் அக்காவே ஊர்க்கூட்டத்தைக் கூட்டி, "எனக்கு இந்த ஆளு வேணாம்" என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் ஜனங்களில் புருஷன் பெண்டாட்டி பிரிவதற்கு ஒரு முறை உண்டு. கூட்டத்துக்கு நடுவில் புருஷன் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டால் அறுந்தது. அதற்குமேல் அவன் யாரோ, அவள் யாரோ. ஆனால் ரப்பர் காட்டில் வைக்கோலுக்கு எங்கே போவது? தோட்டத்துத் துரையின் பால்மாட்டுக் கொட்டகையில்தான் இருந்தது. துரை வீட்டுக் கொட்டகையில் போய் யார் கேட்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். அப்புறம் பெரியவர் கோயிலுக்குப் பின்னால் வளர்ந்து கிடந்த லாலான் புல்லில் ஒரு தாளைப் பிடுங்கி அவனிடம் நீட்டினார். அவன் கொடுத்தான், அக்கா வாங்கினாள். அவன் லகாட்டுக்கு ஈயச் சுரங்க வேலைக்குப் போய்விட்டான். சில காலம் கழித்து, புகைக்கூட்டில் ரப்பர் ஷீட் காய வைக்கிற ஒருவர் அதே மரத்தடியில் அக்காவுக்குத் தாலி கட்டினார். நான் மச்சான் என்று கூப்பிடுவது அவரைத்தான்.

இப்போது அந்தப் பழைய ஆள் திரும்பி வந்து நின்றான். புதிதாகத் திறந்த ஒரு தோட்டத்தில் ஜோடியாக வருகிறவர்களுக்குத்தான் தனி வீடு என்று ஒரு கங்காணி சொன்னானாம். உடனே தன் பெண்டாட்டியை மயக்கிக் கூட்டிப்போய்விட்டான் என்று மச்சான் மேல் கோர்ட்டில் பிராது. மச்சான் கட்சியை எங்கள் வக்கீலே எடுத்துக்கொண்டார். நிரூபணமானால் மச்சானுக்கு ஜெயில். அக்கா அந்த அடிக்காரனிடம் திரும்பிப் போக வேண்டும்.

"துரும்புதான் கொடுத்தியேடா" என்று லயத்தில் கேட்டவர்களிடம் அவன் சொன்ன பதில் தோட்டமெல்லாம் பரவியது.

"நான் எங்க துரும்பு கொடுத்தேன்? புல்லுலா கொடுத்தேன். புல்லக் கொடுத்தா மாடுதான் போகும், பொண்டாட்டி போவாளா?"

இத்தனையும் மனசில் வைத்துக்கொண்டு நான் பேராசிரியரோடு தோட்டம் தோட்டமாகப் போனேன். மழை நாளாகப் பார்த்துப் போவோம். பால் வெட்டு இல்லாததால் ஜனங்கள் லயத்தில் இருப்பார்கள். ஆனால் வெள்ளைக்காரர் ஒருவர் தாளும் பேனாவுமாக வந்தால் அவர் எதற்கு வந்தார் என்று யாருக்குத் தெரியும்? தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் நாற்காலி போட்டுக் கூடவே நிற்பார். கல்யாணம் பற்றிக் கேட்டால் பந்தல், மாலை, மேளம் என்று கலகலப்பாகச் சொன்னார்கள். பிரிகிறது உண்டா என்று கேட்டதும் முகங்கள் மூடிக்கொண்டன.

"அப்படியாப்பட்ட சங்கதியெல்லாம் நம்ம தோட்டத்துல இல்லீங்க தொர."

இதைச் சொன்ன அம்மாளுக்கு அப்போது நடப்பது மூன்றாவது புருஷன் என்று எனக்குத் தெரியும். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. நானும் அவள் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். வேறு என்ன செய்வது? நான் அங்கே வாயாக மட்டும் போயிருந்தேன்.

சில வாரங்கள் கழித்து அவருடைய குறிப்புகளை டைப் அடித்தபோது ஒரு வாக்கியம் வந்தது. 'தோட்டத் தொழிலாளரிடையே மணமுறிவு வழக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.' அந்த வரியில் என் விரல் நின்றது. எழுந்து போய் ஜன்னலருகே நின்றேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

எங்கள் பெரிய குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, கதிரையிலே முள்ளோ?"

தாளைக் காட்டினேன். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது கமிட்டிக்குப் போனால் சட்டத்திலே ஏறும். சட்டத்திலே ஏறினால் உம்மட அக்கா மாதிரி ஆக்களுக்குப் போக்கிடம் இல்லை. அது பிறகு. முதலிலே வழக்கைப் பாரும். நான் ஒரு வழி கண்டுபிடிச்சிட்டன்."

"என்ன வழி ஐயா?"

"அவள் தன்ர மனிசி எண்டு அவனெல்லோ காட்டவேணும். ஐயர் இல்லை, ஓமம் இல்லை, பதிவும் இல்லை. கலியாணமே நடக்கேல்லை எண்டு உம்மட அக்கா ஒரு சொல்லுச் சொன்னால் போதும். வழக்கு அண்டைக்கே சரி."

எனக்கு மூச்சு வந்தது. அடுத்த ரயிலிலேயே சுங்காய்க்குக் கிளம்பினேன். கம்பார் தாண்டும் வரை சந்தோஷம்தான். பீடோர் வருவதற்குள் ஒரு கேள்வி முளைத்துவிட்டது. அந்த மரத்தடித் தாலி செல்லாது என்றால் இந்த மரத்தடித் தாலி மட்டும் எப்படிச் செல்லும்?

அக்கா பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மச்சான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் மச்சான் கையைத் தட்டினார்.

"அவ்வளவுதானே? முடிஞ்சது சூசா, முடிஞ்சது தொல்ல. இல்லன்னு சொல்லிடு."

அக்கா வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"கல்யாணமே நடக்கலன்னா அத்தன வருசம் நான் அவன் வீட்டுல யாரா இருந்தேன்?"

"அது கோர்ட்டுக்குச் சொல்ற பேச்சுக்கா" என்றேன்.

"கோர்ட்டு பேச்ச ஊரு கேக்காதா? இந்தப் புள்ளய நாளைக்கு யாரு புள்ளன்னு கேப்பாங்க?"

"உள்ள போறது நான்லா" என்றார் மச்சான். "நீங்க ரெண்டு பேரும் நாயம் பேசிக்கிட்டு இருங்க. ஒரு வார்த்த இல்லன்னு சொன்னா வாயி கோணிக்குமா?"

"ஒங்க தாலியயும் சேத்துத்தான் இல்லன்னு சொல்லச் சொல்றாங்க. அது தெரியுதா ஒங்களுக்கு?"

நான் பேராசிரியர் எழுதியிருந்த அந்த வரியைப் பற்றிச் சொன்னேன். உன் விஷயத்தை அவரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். முன்பு ஒரு தடவை கேட்டபோது, வெள்ளைக்காரன் புஸ்தகத்தில் என்னை ஏற்றாதே என்று சண்டைக்கு வந்தவள். இந்தத் தடவை யோசித்தாள்.

"எழுதுனா ரெண்டையும் எழுதச் சொல்லு. கட்டுனதும் நெசம், அத்ததும் நெசம்னு. ஒண்ண மட்டும் எழுதறதா இருந்தா எழுதவே வேணாம்."

ஈப்போவுக்குத் திரும்பியதும் பேராசிரியரிடம் எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, யார் யார் கூட்டத்தில் இருந்தார்கள், எல்லாரும் ஒரே சாதியா, ஒரே ஊரா என்று துருவினார். பல ஊர், பல சாதி, ஒரே லயம் என்றேன். அப்படியானால் அது பழைய வழக்கமா, இங்கே வந்து உண்டான புது வழக்கமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வழக்கம் என்றால் பழமையாக இருக்க வேண்டும், மாறாமல் இருக்க வேண்டும் என்பது சட்டமாம். வைக்கோல் லாலானாக மாறிவிட்டதே என்றார்.

"கப்பலில் வந்தவர்கள் வயலையும் கொண்டுவர முடியுமா, துரை?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோர்ட்டுக்கு வந்து இதைச் சொல்வீர்களா என்று கேட்டதற்கு, ஆராய்ச்சி முடியாமல் சாட்சி சொல்வது முறையில்லை என்றார். வந்து உட்கார்ந்து கேட்பதாக மட்டும் ஒப்புக்கொண்டார்.

விசாரணை நாளில் கோர்ட்டு வராந்தாவில் என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பெரிய குமாஸ்தா என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார்.

எங்கள் வக்கீல் அக்காவைக் கேட்டார். ஐயர் வந்தாரா? இல்லை. ஓமம் வளர்த்தார்களா? இல்லை. ஆகையால் அது முறையான கல்யாணம் அல்ல, அப்படித்தானே?

அக்கா கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணந்தாங்க."

வக்கீல் பெரிய குமாஸ்தாவைப் பார்த்தார். பெரிய குமாஸ்தா கூரையைப் பார்த்தார். மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டார். அக்கா நிறுத்தவில்லை.

"அதுவும் கல்யாணந்தாங்க. அப்புறம் அத்துக்கிட்டதும் நெசந்தாங்க. அதே ஆளுங்கதான் ரெண்டுக்கும் ஒக்காந்திருந்தாங்க."

துபாஷி அதை இங்கிலீஷில் சொன்னதும் மாஜிஸ்திரேட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பிராது கொடுத்தவனைத் தாமே கேட்க ஆரம்பித்தார். தாலி எடுத்துக் கொடுத்தது யார்? ஊர்ப் பெரியவர். புல் பிடுங்கிக் கொடுத்தது யார்? அவரேதான். நீ உன் கையால் கொடுத்தாயா?

"கொடுத்தேன் ஐயா. ஆனா அது புல்லு. துரும்பு இல்ல."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது.

"கொடுத்தபோது எதற்கென்று நினைத்துக் கொடுத்தாய்?"

லகாட்டில் வேறு பெண்ணோடு குடித்தனம் நடத்தினாயா என்று கேட்டதற்கு, சோறாக்க ஆள் வேணாமா என்றான். தானே சம்மதித்து அனுப்பிய பெண்ணை இன்னொருவன் மயக்கிக் கூட்டிப்போனதாகச் சொல்ல முடியாது என்று மாஜிஸ்திரேட்டு மச்சானை விடுதலை செய்தார். புல்லால் ஒரு கல்யாணம் அறுமா அறாதா என்பதைத் தாம் தீர்மானிக்கவில்லை, அது சட்டம் செய்கிறவர்கள் பாடு என்பதையும் சேர்த்தே சொன்னார். மச்சானுக்கு முதல் பாதி போதும். எனக்கு இரண்டாம் பாதி காதிலேயே நின்றது.

பேராசிரியர் ஊருக்குப் புறப்படுவதற்கு முன் அறிக்கையை முழுவதும் நான்தான் டைப் அடித்தேன். பழைய வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டிருந்தார். ஐயர் இல்லாத மரத்தடிக் கல்யாணங்களையும் கல்யாணம் என்றே சட்டம் ஏற்று, பதிவு செய்ய இடம் கொடுக்க வேண்டும் என்று அழுத்தமாக எழுதியிருந்தார். ஆனால் துரும்பு விஷயம் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரியில் ஒரு பின்குறிப்பாக இருந்தது.

"இரண்டையும் எழுதச் சொல்லித்தானே என் அக்கா சம்மதித்தாள்" என்றேன்.

"எழுதித்தானே இருக்கிறேன்."

"பின்குறிப்பைக் கமிட்டி படிக்குமா?"

"கமிட்டி என்னைக் கேட்டது கல்யாணத்தைப் பற்றி. கேட்காத கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினால், கேட்டதற்கு எழுதிய பதிலையும் தூக்கி வைத்துவிடுவார்கள்" என்றார். நல்ல மனுஷர்தான். சொன்னது நியாயமாகவும் இருக்கலாம். நான் மெஷினை மூடிவிட்டு வெளியே வந்து ஸ்டேஷன் வரை நடந்தேன், அங்கிருந்து ஆறு வரை, அங்கிருந்து மறுபடி ஸ்டேஷனுக்கு.

மரத்தடிக் கல்யாணங்களையும் பதியலாம் என்று சட்டம் வந்துவிட்டதாகப் பிறகு தோட்டத்தில் சேதி வந்தது. கேட்டதும் மச்சான் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தயாராகிவிட்டார். என்னையும் லீவு போட்டு வரச் சொன்னார்கள்.

"வா போலாம், பதிஞ்சுட்டா அப்புறம் எந்த மாத்தா போலீசும் வாசல்ல வந்து நிக்கமாட்டான்" என்றார் அக்காவிடம்.

அக்கா என்னைத்தான் கேட்டாள். "ஏந்தம்பி, பதிஞ்சுட்டா அப்புறம் அத்துக்க முடியுமா? அதுக்கும் அந்தத் தொர எழுதியிருக்காரா?"

பின்குறிப்பாக இருக்கிறது என்று சொன்னேன். பின்குறிப்பென்றால் என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப முடியாது."

"முடியாதுன்னு இல்லக்கா. யாரும் இன்னும் சொல்லல."

"என்னைய நம்பலியா நீ?" என்றார் மச்சான். குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஒங்கள நம்பித்தானே இருக்கேன். எழுதி வச்சாத்தான் பயமா இருக்கு. அவன நம்பித்தான் அன்னிக்கும் கழுத்த நீட்டுனேன்."

மச்சான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அக்கா என் பக்கம் திரும்பி, "நீ படிச்சவன். கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லு. அது வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

பேராசிரியருக்கு இரண்டு தடவை எழுதிவிட்டேன். பெரிய குமாஸ்தாவைத் தினமும் கேட்கிறேன். அவர் அலமாரியைத் திறந்து சட்டப் புஸ்தகங்களை என் மேஜை மேல் அடுக்கிவிட்டு, "நீரே தேடும் தம்பி" என்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன். சுங்காய்க்குப் போய் நாளாகிறது. பதில் இல்லாமல் போய் அவள் முகத்தில் விழிக்க என்னால் முடியவில்லை.