பாலத்து இறக்கத்தில் கல்லான பெடல்

பிரேக் பெடல் இரண்டு விதமாகப் பயமுறுத்தும். ஒன்று, மிதித்தால் தொளதொளவென்று உள்ளே போய்விடும். அப்படிப் போனால் ஆயில் ஒழுகுகிறது, இல்லாவிட்டால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். இன்னொன்று, மிதித்தால் இறங்கவே இறங்காது. சுவரை மிதிப்பது போல இருக்கும். வண்டியும் நிற்காது. என் அக்கா வீட்டுக்காரருக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளுக்காக நிலம் அளந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பெட்ரோல் விலை ஏறிக் கிடந்தது. நான் பெரிய ரோட்டோரம் ஒரு ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தேன். மாமா ஒரு ரைஸ் மில் முதலாளியின் காருக்கு டிரைவர். பெரிய வெளிநாட்டு வண்டி, பழசு, பல கை மாறி வந்தது. மாமா அதில் ஏறி அதிக நாள் ஆகவில்லை. அதற்கு முன்னால் அவர் ஓட்டியதெல்லாம் டாக்சி ஸ்டாண்டில் நிற்கும் நம்ம ஊர்ச் சின்னக் கார்கள்.

ஒரு நாள் காலையில், ஆரணியாற்றுப் பாலத்து இறக்கத்தில் வந்த அந்த வண்டி, ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை அடித்துவிட்டது. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்துக்காரி, தலையில் மீன் கூடை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேலை வைக்காமல் அங்கேயே செத்துப்போனாள். ஜனங்கள் மாமாவை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். போலீஸ் வந்துதான் மீட்டது.

ஸ்டேஷனில் மாமா சொன்னது ஒன்றையேதான்.

"பெடலு கல்லாட்டம் ஆயிடுச்சு சார். ரெண்டு காலையும் வெச்சு ஏறி மிதிச்சேன். நிக்கல சார்."

யாரும் நம்பவில்லை. அப்புறம் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வண்டி பார்க்க வருகிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கடைசியாக அந்தப் பிரேக்கில் கை வைத்தவன் நான் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து ரோட்டில் ஓட்டி மிதித்தார். வண்டி முன்பக்கம் குனிந்து சட்டென்று நின்றது. திரும்ப ஓட்டி மிதித்தார். திரும்ப நின்றது.

"பிரேக்கு நல்லாத்தானே இருக்குது? உங்க ஆளு தூங்கினு வந்தானா?" என்று என்னைக் கேட்டார்.

நாலு பேர் நின்று பார்க்கும் இடத்தில் எனக்கு வாய் வராது.

பிரேக் கெட்டதென்றால் பழி ஷெட்டுக்கு வரும், எனக்கு வரும். கெடவில்லையென்றால் மாமா ஜெயிலுக்குப் போவார். இதை என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டவள் அக்கா.

"பிரேக்கு சரியா இல்லன்னு ஒரு வார்த்த சொல்லேன்டா," என்றாள்.

"நல்லா இருக்குதுக்கா. நான் இன்னா சொல்றது?"

"அப்ப உங்க மாமா பொய் சொல்றாரா? ஷெட்டுக்காரன் குடுக்கற டீயக் குடிச்சுக்கினு அவனுக்குக் காவலா நிக்கிற நீ. எங்க ஊடு எரிஞ்சா உனுக்கு இன்னா?"

வண்டியை ஸ்டேஷனிலிருந்து விட்டதும் முதலாளி அதை எங்கள் ஷெட்டுக்கே அனுப்பினார். கண்ணாடியும் விளக்கும் மாற்ற வேண்டியிருந்தது. நான் முதலில் அவற்றைத் தொடவில்லை. நாலு சக்கரத்தையும் கழற்றினேன். லைனிங் தேயவில்லை, ஆயில் படியவில்லை, கண்ணாடி போலப் பளபளப்பு ஏறவும் இல்லை. சக்கரத்துச் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகியிருக்குமோ என்று பார்த்தேன். சுலபமாக அசைந்தன. எஞ்சினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயை வளைத்து, அழுத்தி, எஞ்சின் சூடேறிய பிறகும் பார்த்தேன். எங்கும் ஒட்டிக்கொள்ளவில்லை.

மாமா ஜாமீனில் வந்திருந்தார். தினமும் ஷெட்டுக்கு வந்து டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொள்வார். இடது கண் இன்னும் வீங்கியிருந்தது.

"இன்னா மச்சான், ஆப்ட்டுதா?"

"இல்ல மாமா. பாலத்துலேர்ந்து ஒண்ணு உடாம சொல்லுங்க."

"எத்தினி வாட்டி சொல்றது? ஏறினேன். உச்சிக்கு வந்ததும் ஆஃப் பண்ணேன். உருண்டுக்கினு வரச்சொல்ல…"

"எத ஆஃப் பண்ணீங்க?"

"எஞ்சினத்தான். இன்னாடா புச்சா கேக்கற?"

புதிதில்லைதான். எங்கள் ரோட்டில் எல்லா டிரைவரும் செய்தது அது. பாலத்து உச்சியில் சாவியைத் திருப்பிவிட்டு, இறக்கம் கொண்டுபோகிற வரைக்கும் சும்மா உருட்டிக்கொண்டு போவார்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறவன்தான் முதலாளிகளுக்கு நல்ல டிரைவர். டிரைவர்களுக்குள்ளே அது பந்தயமாகவும் ஆகியிருந்தது. டீக்கடை வாசல் வரைக்கும் வண்டி வந்து சேராவிட்டால், "இன்னா நைனா, மாடு படுத்துக்குச்சா? எறங்கித் தள்ளிக்கினு வா!" என்று உள்ளேயிருந்து கத்துவார்கள். மாமா டீக்கடையையும் தாண்டிப் போய் நிற்பார்.

சின்னக் காரில் அதனால் ஒன்றும் கெட்டதில்லை. அதில் மிதிக்கிறவன் கால்பலம்தான் பிரேக். இந்தப் பெரிய வண்டியில் பெடலுக்கு உதவியாகச் சட்டி போல ஒரு இரும்பு டப்பா உண்டு. அதுதான் பூஸ்டர். எஞ்சின் ஓடும்போது அதிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சல் டிரைவரின் காலோடு சேர்ந்து மிதிக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டால் மிச்சமிருப்பது இரண்டு மிதிக்கு வரும். அதற்கப்புறம் அத்தனை கனத்தையும் ஒரு மனிதன் கால் தனியாகப் பிடிக்க வேண்டும். இன்ஸ்பெக்டரும் நானும் எஞ்சினை ஓடவிட்டே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் இதை மாமாவுக்குச் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. "ஏறி உக்காருங்க மாமா," என்றேன். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தச் சொன்னேன். "இப்ப மிதிங்க."

மிதித்தார். இறங்கியது. இன்னொரு தரம் மிதித்தார். இறங்கியது, ஆனால் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. மூன்றாவது தரம் மிதித்தவர் அப்படியே சீட்டிலிருந்து எழும்பிவிட்டார்.

"கல்லு!" என்று கத்தினார். "பாத்தியாடா! இதான்டா அன்னிக்கு ஆச்சு! நான் பொய் சொல்லலடா! கூப்புடு உங்கக்காவ!" வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அழுதுகொண்டே சிரித்தார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு எஞ்சினைப் போட்டு மிதித்தார். பெடல் வெண்ணெயில் கால் வைத்தது போல இறங்கியது. நிறுத்தினார். எண்ணி எண்ணி மிதித்தார். மறுபடியும் கல்.

"மொத மிதி மாட்டு வண்டிக்கு," என்றார். "ரெண்டாவது ஒரு சைக்கிள்காரன் குறுக்க வந்தான்." சாவியை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தார்.

வக்கீல், பிரேக் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதும், எஞ்சினைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றார். அக்காவும் அதையே காலில் விழாத குறையாகக் கேட்டாள். மாமா அக்காவையும் என்னையும் பார்த்துச் சொன்னார்: "கல்லாட்டம் ஆச்சின்றத எவனும் நம்ப மாட்டேன்றான். அத நம்பணும்னா இதயும் சொல்லித்தான் ஆவணும்."

பொன்னேரி கோர்ட்டில் அவர் சொன்னார். "பாலத்து உச்சில எஞ்சின ஆஃப் பண்ணது நான்தான்," என்றார். முதலாளி கூண்டில் ஏறி, எஞ்சினை நிறுத்தச் சொல்லி ஒருநாளும் சொன்னதில்லை என்றார். இறக்கத்தில் நிறுத்தாத டிரைவரை அவர் வேலைக்கு வைத்துக்கொண்டதே இல்லை என்பது அந்த ரோட்டுக்கே தெரியும். என்னைக் கூப்பிட்டபோது வாய் குழறி, கேட்டதற்கு மட்டும் ஆமாம் இல்லை என்றேன். தீர்ப்பு அன்றைக்கே வரவில்லை. வந்தபோது ஜெயில் என்று வந்தது. மாமா சொன்னதை அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள்.

தீர்ப்பைக் கேட்டதும் அக்கா என்னைப் பார்க்காமல் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். நான் படியிறங்கி நின்றபோது, செத்துப்போனவளின் புருஷன் பக்கத்தில் வந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"நீதானே அந்த மெக்கானிக்கு?"

"ஆமாங்க."

"உள்ள சொன்னது எனுக்குச் சரியா வெளங்கல. மொத ரெண்டு வாட்டி புடிச்சுதா?"

"புடிச்சுது."

"ரெண்டோட தீந்துபோச்சா?"

நான் தலையை ஆட்டினேன். இன்னும் ஏதோ கேட்பார் என்று நின்றேன். அவர் தூக்கைக் கை மாற்றிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமாகப் போனார். உள்ளே மாமாவை அழைத்துப் போக ஆட்கள் வந்தார்கள். அக்கா எழுந்து அவர்கள் பின்னால் ஓடினாள். நான் ஓடவில்லை. அதன் பிறகு அக்கா என்னோடு பேசவும் இல்லை.