கோர்ட்டுக்குப் போன படங்கள்

சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தால் என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அதனால் நான் சொன்னதே இல்லை. அவள் உயரத்துக்குக் குத்தவைத்து, போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவளை அவள் பாட்டுக்கு விளையாட விட்டுவிடுவேன்.

அப்போது அவளுக்கு நாலு வயது. என் மனைவி என்னோடு மனம் கசந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டையில் தன் அப்பா வீட்டுக்குப் போய், விவாகரத்துக்கும் மனுப் போட்டிருந்தாள். வழக்கு முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையை நான் அழைத்துப்போகலாம் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். காலையில் போய் பைக்கின் முன்னால் உட்காரவைத்து, எம்.ரெட்டியபட்டியில் எங்கள் பருத்திக்காட்டுக்குக் கூட்டிவருவேன். இருட்டுவதற்குள் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.

அந்த ஞாயிறுகளில் நிறையப் படம் எடுத்தேன். ஆட்டுக்குட்டி பின்னாலிருந்து முட்ட, அவள் குப்புற விழப்போகிற படம். பம்புசெட் தொட்டிக்குள் நின்று, குழாய்த் தண்ணீரை வாயில் பிடிக்கப் பார்த்து முகமெல்லாம் நனைந்த படம். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வெடித்த பருத்தியைப் பிய்த்து மூக்குக்குக் கீழே மீசையாக ஒட்டிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, அருப்புக்கோட்டைக் கடையில் ஆட்களை விரட்டும் தன் தாத்தாவைப் போல என்னை அதட்டிக்கொண்டிருந்தாள்.

எடுத்ததை எல்லாம் அன்றைக்கே மனைவிக்கு அனுப்புவேன். பார்த்துவிட்டாள் என்று தெரியும். பதில் வராது. மீசைப் படத்துக்கு மட்டும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று வந்தது. அதை நம்பி நான் என்னென்னவோ யோசித்தேன். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள்கூடச் சொல்லிவைத்தேன்.

அடுத்த வாய்தாவில் அந்தப் படங்களைப் பெரிது பெரிதாகப் பிரிண்ட் போட்டு நீதிபதி அம்மா முன்னால் வைத்தார்கள். மனைவி தரப்பு வக்கீல் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். தொட்டியில் பிள்ளை தனியாக நிற்கிறது, பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. மூக்கில் ஒட்டியிருப்பது பூச்சிமருந்து அடித்த பருத்தி. கடைசியாக ஆட்டுக்குட்டிப் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

“படம் எடுக்க நேரம் இருந்திருக்கு, அம்மா. விழுற பிள்ளையப் பிடிக்க நேரம் இல்ல.”

தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர்தான், அந்த வரிசைக்கு மருந்தே அடிக்கவில்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். என் வக்கீல் என் கையைப் பிடித்து அழுத்தினார். நீதிபதி அம்மா மீசைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் உதட்டோரம் சிரிப்பு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதன்பிறகுதான் உத்தரவு சொன்னார். இனிமேல் பிள்ளையை வெளியே கூட்டிப்போகக் கூடாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கோர்ட்டிலேயே ஒரு அறையில், தாயார் உடன் இருக்கும்போது ஒரு மணி நேரம் பார்க்கலாம்.

வெளியே படிக்கட்டில் மனைவி தனியாக நின்றாள். அவள் அப்பா கார் எடுக்கப் போயிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்து நீயும் சிரித்தாயே என்று கேட்டேன்.

“சிரிச்சேன்” என்றாள். “அன்னைக்கு ராத்திரி தூக்கமும் வரலைங்க. ரெண்டும் நெசந்தான்.”



முதல் சனிக்கிழமை பிள்ளையைப் புதுக் கவுன் போட்டு, பவுடர் பூசிக் கூட்டிவந்திருந்தார்கள். நான் வாங்கிப் போயிருந்த பலூனை ஊதிக் கொடுத்தேன். அது கையிலிருந்து நழுவி சர்ரென்று சுவரில் போய் முட்ட, அவள் வாயைப் பிளந்து பார்த்தாள். பழக்கத்தில் போனை எடுத்துவிட்டேன். உடனே அவள் கையிரண்டையும் தொடையோடு ஒட்டவைத்து விறைப்பாக நின்றாள். பல்லைக் காட்டினாள்.

“அப்பா, என் மூஞ்சி அழுக்கா இருக்கா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். நம்பாமல் கவுனின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அதேபோல நின்றாள். அவள் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் போனை பைக் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். அப்படியும் பிள்ளை முதலில் என் கையைத்தான் பார்க்கிறாள்.