மருந்துக்காரியின் முதல் விதி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் அதில் இரண்டு வரியை வெட்டாவிட்டால் சோறு இறங்காது. சிவகாசி அச்சகம் ஒன்றில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. காலண்டர், டைரி என்று வெட்டி வெட்டியே கை பழகிவிட்டது.

அதே கையோடுதான் ஒரு விளையாட்டையும் எழுதிக்கொண்டிருந்தேன். பகடை உருட்டிக் கதை சொல்லும் விளையாட்டு. விண்கப்பலும் உண்டு, மந்திரமும் உண்டு. ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை 'கிளாஸ்' என்போம். வேடத்துக்கு வேடம் சக்தி வேறு, விதி வேறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அச்சகச் சாவியை வாங்கி, நான்கு பேர் கட்டிங் மெஷின் பக்கத்து மேசையில் உட்கார்ந்துவிடுவோம்.

நால்வரில் ஒருத்தி எங்கள் தெருப் பெண். நாரணாபுரம் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிறவள். எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை. அவள் ஒருநாள் நோட்டுத் தாளில் புது வேடம் ஒன்று எழுதிக்கொண்டுவந்தாள். பெயர் மருந்துக்காரி. கிரகம் கிரகமாகப் போய் நட்சத்திரப் பொடி கலக்குகிறவள். முதல் விதி: அறைக்குள் நுழையும் முன் வாசலில் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். அதில் ஒரு சுற்று ஆட்டம் போய்விடும். ஆனால் தொட்டுவிட்டால் அவள் கையில் மருந்து வெடிக்கவே வெடிக்காது.

ஆலையில் அவர்கள் தினமும் செய்வதுதான். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று தகட்டைத் தொட்ட பிறகே மருந்தறையில் கால் வைப்பார்கள்.

ஆறு மாதம் அப்படியே ஆடினாள். புத்தகமாக அச்சடிக்கலாம் என்று முடிவானதும் எனக்குக் கை அரித்தது. ஆட்டம் இழுக்கிறது என்று அந்த விதியை வெட்டினேன். அதோடு விட்டேனா? நானாக ஒன்று சேர்த்தேன். பகடையில் ஒன்று விழுந்தால் மருந்துக்காரி வெடித்துச் சாவாள், அறையில் இருக்கும் எதிரிகளும் அவளோடு சாவார்கள். ஆகா, என்ன விதி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு புது விதியை வைத்து ஆடினோம். அவள் உருட்டினாள். ஒன்று விழுந்தது. நான் விதியை வாசித்தேன். மற்ற இருவரும் மேசையைத் தட்டி, "ஏலே, அம்புட்டுப் பேரும் காலி!" என்று கத்தினார்கள். நானும் சிரித்தேன்.

அவள் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, தகட்டத் தொட்டுட்டுத்தான உள்ள போனா?"

"அந்த விதிய எடுத்துட்டேன்மா. ஆட்டம் இழுத்துச்சுல்ல."

"எடுத்துட்டீகளா?" பகடையைத் தள்ளி வைத்தாள். "எங்க அக்கா தொட்டுட்டுத்தாண்ணே போனா. இவளாவது பொழச்சுக் கெடக்கட்டும்னுதான் அப்பிடி எழுதுனேன்."

அவள் அக்கா ஆலை விபத்தில் போனது தெருவுக்கே தெரியும். பந்தலில் நாற்காலி போட்டவனே நான்தான். அவள் எழுதிய விதியை வெட்டியபோது அது என் மரமண்டைக்கு எட்டவில்லை. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதன்பிறகு வரவில்லை.

அச்சில் அவள் எழுதியபடியே விதியைத் திரும்பப் போட்டேன். முதல் பிரதியை எடுத்துக்கொண்டு, காலையில் ஆலை வேன் வரும் முக்குக்குப் போனேன். நின்றுகொண்டே அந்தப் பக்கத்தை வாசித்தாள்.

"இப்ப சரியாப் போட்டிருக்கீக."

"அன்னைக்கு ஆடுன ஆட்டத்தையே அடிச்சிடுறேன்மா. அவ சாகலன்னு எழுதிக்கிடலாம். நீ வா."

"அப்பிடித்தானண்ணே நானும் எழுதிப் பாத்தேன்" என்றாள். புத்தகத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டு வேனில் ஏறினாள்.