மாமாவின் தள்ளுபடி கார்

ஈரச் சாக்கு வாடையும் பூண்டு வாடையும் கலந்து அடிக்கும் எங்க மாமாவோட பழைய அம்பாசடர்...

எண்பதுகள்ல கொடைக்கானல் டாக்ஸி ஸ்டாண்ட்ல அதுக்கு நான் வச்ச பேரு 'தள்ளுபடி'. தள்ளுனாத்தான் மலைப்படி ஏறும்!

தப்பு கார் மேல இல்ல. டைனமோ வண்டி. மலையில செகண்ட் கியர்ல மெதுவா உருட்டுனா பேட்டரிக்கு சார்ஜே ஏறாது. மேகம் எறங்கி, லைட்டு, வைப்பர் ரெண்டையும் போட்டா பேட்டரி படுத்துரும். அதனால வண்டிய எறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவாரு, டயருக்கு ஒரு கல்லு.

கவுஞ்சிங்கிற மலைக்கிராமத்துக்கு மாமாவுக்குப் பொண்ணு பார்க்கப் போனப்ப, மரியாதைன்னு வாசல்ல சமதளத்துல நிறுத்தச் சொல்லிட்டாங்க. போச்சு. கெளம்புறப்ப பொண்ணோட அப்பாவே தள்ளுனாரு. தள்ளிக்கிட்டே, "தம்பி, வண்டியவே அடுத்தவன்தான் தள்ளணும்னா குடும்பத்த எப்படி ஓட்டுவீக?"ன்னாரு.

மாமாவுக்கோ அந்தப் பொண்ண அம்புட்டுப் பிடிச்சிருந்துச்சு.

மறுவாரமே வத்தலகுண்டுல ஒடச்சுப் போட்ட வண்டியில இருந்து டைனமோவுக்குப் பதிலா ஒரு ஆல்டர்னேட்டர் வாங்கிட்டு வந்தாரு. மெதுவா ஓடுனாலும் சார்ஜ் ஏத்துமாம். அதத் தாங்கிப் பிடிக்க பழைய பிராக்கெட் ஒக்காரல. இரும்புப் பட்டைய அறுத்து, வளைச்சு, வெல்டிங் வச்சு அவரே புதுசு செஞ்சாரு. அழகுன்னா அப்படி ஒரு அழகு.

அப்புறந்தான் வெனை. பழைய வண்டியில பாடிக்குப் போறது பேட்டரியோட பிளஸ் வயர். இதுக்கு மைனஸ். கை பழக்கத்துல மாத்தி மாட்டுனா புதுசு பொசுங்கிரும். மூச்சப் பிடிச்சு அவர் வயர வைக்கிறப்ப, பின்னாடி நின்னு "புஸ்ஸ்ஸ்"னேன். ஸ்பேனரோட தொரத்துனாரு பாருங்க...

மறுபடி பொண்ணு கேட்டு கவுஞ்சி. பூம்பாறை தாண்டுனதும் நடுப்பகல்லயே மேகம். லைட்டு மங்கவே இல்ல. அதே வாசல்ல, அதே சமதளத்துல அவரே போய் நிறுத்துனாரு. பேசுனாங்க, காப்பி குடுத்தாங்க, பதில் மட்டும் வரல.

கெளம்புறப்ப பொண்ணோட அப்பா துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு தானா பின்னாடி வந்து நின்னு கை வச்சாரு. மாமா சாவியத் திருப்புனாரு. ஒரே இழுப்பு... வண்டி போயிருச்சு. கண்ணாடியில பார்த்தா, ரெண்டு கையும் அந்தரத்துல நீட்டினபடி மனுசன் நிக்கிறாரு.

மாமா பதறி ரிவர்ஸ்ல வந்தாரு. அவரு சிரிச்சிக்கிட்டே, "பார்த்துப் போங்க மாப்ள"ன்னாரு.

தம்பி, மாப்ள ஆயிட்டாரு!

இப்ப என் கார் பட்டன அமுக்குனா ஸ்டார்ட் ஆகுது. பின்னாடி பார்க்க கேமரா கூட இருக்கு.

பின்னாடி நின்னு கை வைக்கத்தான் ஆள் இல்ல...