முடிச்சுப் போடத் தெரிந்த எலி

எங்கள் லாரி புகையில் தோற்றுப்போன அன்று எனக்கு முழுப்பரீட்சை லீவு. பிரேக்கில் தோற்றிருந்தால்கூட அப்பா அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். பிரேக் போனால் பிரேக்கைச் சரிபண்ணலாம். புகைக்கென்று தனியாக ஒரு பரீட்சை உண்டு, அதில் பாஸ், ஃபெயில் எல்லாம் உண்டு என்பதே அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அது பழைய லாரி. எங்களிடம் வருவதற்கு முன்பே பல கை மாறியது. அப்பாவே அதற்கு முதலாளி, அப்பாவே டிரைவர். ஆனால் முதலாளி என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அழுக்குச் சட்டையோடு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவரை யார் அப்படிக் கூப்பிடுவார்கள்? களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி மார்க்கெட்டுக்கு வருவார். திரும்பும்போது உரமோ சிமெண்டோ கிடைத்ததை ஏற்றிக்கொண்டு போவார். அதுதான் எங்கள் சாப்பாடு.

வருஷத்துக்கு ஒருமுறை அந்த லாரியை ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. காட்ட வேண்டும். ரோட்டில் ஓடத் தகுதியான வண்டி என்று சர்ட்டிபிகேட் கொடுத்தால்தான் லோடு ஏற்றலாம். எஃப்.சி. வருகிறதென்றால் எங்கள் வீட்டில் கல்யாணக்களை வந்துவிடும். மேலப்பாளையத்தில் மெக்கானிக் பாயின் பட்டறையில் கழுவி, கிரீஸ் அடித்து, கழற்றவேண்டியதைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். அப்புறம் எங்கள் வீட்டோரம் நிறுத்திப் பெயிண்ட் அடிப்பார்கள். நெற்றியில் வரையும் தாமரைப் பூவுக்கு என்ன நிறம் என்று சொல்லும் உரிமை எனக்கு. அந்த வருஷம் பச்சை என்று சொல்லிவிட்டேன். பெயிண்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "பிள்ள சொல்லுதால்லா, அடியும்" என்றார். பச்சைத் தாமரையோடுதான் வண்டி பரீட்சைக்குப் போனது.

பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார், லைட்டைப் போடச் சொன்னார், பிரேக்கைப் பிடிக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, அதிலிருந்து நீண்ட குழாயைப் புகைபோக்கிக்குள் செருகி, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். அப்பா மிதித்தார். பின்னால் வரிசையில் நின்ற வேன்காரர் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அப்படி ஒரு கறுப்பு.

"புகை ரொம்ப ஜாஸ்தி. சரி பண்ணிட்டுக் கொண்டு வாங்க."

"சார், போன வருஷம் இதெல்லாம் கேக்கலையே."

"இப்ப கேக்கோம்லா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அப்பா இறங்கி வந்து புகைபோக்கிக்குள் விரலை விட்டு எடுத்து, அந்தக் கரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பெற்ற பிள்ளை திருடிவிட்டது என்று யாரோ வந்து சொன்ன மாதிரி இருந்தது அவர் முகம். எனக்கும் பயமாகப் போய்விட்டது. அன்றுவரை எங்கள் லாரிக்கு ஒரு குறை உண்டு என்று நான் நினைத்ததே இல்லை.

பாய் புகையைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வெள்ளையா வந்தா தண்ணி, நீலமா வந்தா ஆயில், கறுப்பா வந்தா டீசல். டீசல் முழுசா எரியாம வெளிய வருது அண்ணாச்சி. பம்புதான் அதிகமாத் தள்ளுது."

"ஆமா பாய், ரெண்டு நாளா இழுவையும் கம்மியாத்தான் இருக்கு" என்றார் அப்பா.

பம்பைக் கழற்றி அதற்கென்று இருக்கும் கடைக்குக் கொடுத்தனுப்பினார்கள். டீசலைப் பீச்சும் நாசில்களைக் கழற்றிச் சோதித்தார்கள். எல்லாவற்றையும் மறுபடி மாட்டி மறுபடி கொண்டுபோனார்கள். மறுபடியும் ஃபெயில். களக்காட்டு வாழைத்தார் வியாபாரி ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டார்: தார் பழுத்துக்கொண்டிருக்கிறது, இந்த வாரமும் வண்டி வராவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வாராம். பாய் தலையைச் சொறிந்தார். எஞ்சினையே இறக்கிப் பிரித்துப் பார்க்க வேண்டும், அதிலும் சரியாகாவிட்டால் காயலான் கடைக்குத்தான் என்றார்.

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அம்மா கேட்பாள், "பாசாயிட்டா?" என்று. இல்லை என்று அப்பா சொன்னதும், "சரி, சாப்பிட வாங்க" என்பாள். அவ்வளவுதான். காயலான் கடை என்ற பேச்சைக் கேட்டும் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இவளுக்கு நெஞ்சு கல்தானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

எஞ்சினை இறக்குகிற அன்று நானும் பட்டறைக்குப் போயிருந்தேன். எஞ்சினுக்குக் காற்று போகும் ஏர் கிளீனர் டப்பாவை மட்டும் பாய் அதுவரை தொடவே இல்லை. பெயிண்ட் அடிக்கப் போவதற்கு முன்னால் அதைத் தன் கையாலேயே கழுவிப் புது ஆயில் ஊற்றி மாட்டியவர் அவர். தான் கழுவியதைத் தானே சந்தேகப்படுவாரா? இப்போது எஞ்சினை இறக்க வேண்டும் என்பதற்காக அந்த டப்பாவையும் கழற்றினார். காற்று உள்ளே போகும் வாய்க்குள் விரலை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு பைய எதையோ உருவி வெளியே எடுத்தார். ஒரு துணி.

நன்றாக மடித்த துணி. பாதி வழியை அடைக்கும் அளவுக்கு மடித்து, நூலால் இறுக்கிச் சுற்றி, எஞ்சினுக்குள் இழுபட்டுப் போய்விடாதபடி நூலின் மறுமுனையை வெளியே ஓர் ஆணியில் முடிச்சுப் போட்டிருந்தது. எண்ணெயும் கரியும் ஏறியிருந்தாலும் மடிப்பைப் பிரித்தபோது உள்ளே கத்தரிப்பூ நிறம் தெரிந்தது. அது அம்மாவின் பழைய சேலை. அதில் மீந்த துணியில்தான் என் தலையணை உறை தைத்திருந்தது.

அப்பா வண்டியைப் பிரிக்கும்போதெல்லாம் கூடவே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது அம்மாதான். லாரி எந்த வழியாக மூச்சு விடுகிறது, காற்றுப் போதாவிட்டால் டீசல் எரியாமல் கறுக்கும் என்றெல்லாம் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அடுத்தபடி அவளுக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்கப் போனேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது.

"எலிதாம் பாய்" என்றார் அப்பா. "வீட்டோரம் நிறுத்தியிருந்தம்லா, எலி இழுத்துட்டுப் போயிருக்கு."

பாய் அந்த முடிச்சைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "எலியா அண்ணாச்சி?"

"எலிதாம்."

"எஞ்சினுக்குச் சேதம் வரக்கூடாதுன்னு நூலுல்லா கட்டியிருக்கு. அக்கறையுள்ள எலி" என்று சொல்லிவிட்டு பாய் டப்பாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

அம்மா செய்தது பெரிய அதிர்ச்சியா, அப்பா பொய் சொன்னது பெரிய அதிர்ச்சியா என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், இன்றைக்கு வீட்டில் கொலை விழும் என்று நினைத்தேன்.

அப்பா அந்தத் துணியை அடுக்களை வாசற்படியில் வைத்தார். அம்மா அதைப் பார்த்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நாந்தான் வச்சேன்" என்றாள்.

ஒரு சிலேட்டை உடைத்ததற்கே நான் ஊரிலுள்ள பொய்யையெல்லாம் தயார் செய்து வைத்துக்கொள்வேன். இவள் ஒரு பொய்க்குக்கூட முயற்சி செய்யவில்லை.

"எஞ்சினுக்குள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும், தெரியுமா?"

"போகாது. முடிச்சுப் போட்டுத்தான் வச்சேன்."

"எதுக்குடி?"

அம்மா விறுவிறுவென்று முற்றத்தில் இறங்கி, அந்தக் கடைசியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பொழுது மங்கிக்கொண்டிருந்தது, இன்னும் லைட் போடவில்லை. அங்கிருந்து வலக்கையைத் தலைக்குமேலே தூக்கினாள்.

"என் கையில என்ன வச்சிருக்கேன், சொல்லுங்க."

அப்பா கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "செம்பு" என்றார்.

அம்மாவின் கையில் ஒன்றுமே இல்லை. ஐந்து விரலையும் விரித்துத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் வளையல்கூடத் தெரிந்தது. கோபமாக இருக்கிறவளைச் சிரிக்க வைப்பதற்காக அப்பா கோமாளித்தனம் பண்ணுகிறார் என்று நினைத்து நான் கலகலவென்று சிரித்துவிட்டேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு நானும் உங்ககூட லாரியில களக்காட்டுலேந்து வரும்போது எதுக்க வந்த சைக்கிள்காரன் குடிச்சிருக்கான்னீங்க. அவன் ஓரமா ஒழுங்காத்தான் வந்தான். நான் சத்தம் போடலன்னா அவன் சக்கரத்துக்குக் கீழ கெடப்பான்" என்றாள் அம்மா. அவள் குரல் உடைந்துவிட்டது. "கண்ணு தெரியல உங்களுக்கு. எத்தன தடவ சொல்லுதேன், கேட்டீங்களா? உங்கள நிறுத்த எனக்கு வழியில்ல. வண்டிய நிறுத்தினேன்."

கண்ணு தெரியலையா என்பது எங்கள் வீட்டில் நாள்தோறும் விழுகிற வசவு. உப்பு டப்பாவை எடுக்கச் சொன்னால் நான் முழிக்கும்போது விழும். அரிசியில் கல் கிடந்தால் விழும். அப்பாவுக்கும் இன்றைக்கு அது கிடைத்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப்போய் அப்பா ஏன் அப்படி வாசற்படியில் உட்கார்ந்து, அந்த அழுக்குத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழ வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. பயந்துபோய் நானும் அழுதேன்.

மூன்றாவது தடவை லாரி பாஸாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். "எலியப் பிடிச்சாச்சு சார்" என்றார் பாய். அப்பா சிரிக்கவில்லை. சாவியைப் பாயிடம் கொடுத்து, "நீங்க எடுங்க பாய்" என்று சொல்லிவிட்டு, சுற்றி வந்து இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அந்தப் பக்கம் என்னுடைய இடம். நான் நடுவில் நகர்ந்துகொண்டேன். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே களக்காட்டு லோடுக்கு ஒரு டிரைவரைப் போட்டார் அப்பா. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறிச் சொன்னேன்: "எங்கப்பா இனிமே லாரி ஓட்ட மாட்டாவ. டிரைவர் வச்சாச்சு. எங்கப்பா முதலாளி ஆயிட்டாவ." அம்மாவின் காதிலும் அது விழுந்தது. அவள் என்னைத் திட்டவில்லை.

அன்று அந்தியில் அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எதிர்வீட்டு அண்ணாச்சி போகிற போக்கில், "என்ன முதலாளி, சௌக்கியமா?" என்றார். அப்பா குரல் வந்த பக்கம் திரும்பி, அண்ணாச்சியை விட்டுவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நின்ற விளக்குக் கம்பத்தைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டார். முதலாளி ஆகிவிட்டால் ஆளைப் பார்த்துக் கும்பிட வேண்டியதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நானும் பெருமையாக அவர் பக்கத்தில் போய் நின்றேன்.