வியர்க்காத உடம்பு

என் மகளுக்கு வியர்க்காது. பிறவியிலேயே வியர்வைச் சுரப்பிகள் சரியாக அமையவில்லை. நமக்கெல்லாம் தோலில் வியர்வை காயும்போது உடம்புச் சூடும் அதோடு போய்விடுகிறது. அவளுக்கு அந்த வழி இல்லை. வெளியிலிருந்து நாம்தான் நனைக்க வேண்டும். ஊரே பிள்ளைகளின் தலையைத் துவட்டிவிட, நான் இவள் தலையை நனைத்தே வளர்த்தேன்.

கல்லூரித் தேர்வு கடலூரில். சிதம்பரத்திலிருந்து எப்போதும் நானும் கூடப் போவேன். இந்த முறை, "நான் என்னா எல்கேஜியாம்மா? தனியாதான் போவேன்" என்றாள். துப்பட்டாவை நனைத்துப் போட்டு, தண்ணீர் பாட்டில்களோடு ஏற்றிவிட்டேன்.

மதியம் போன் வந்தது. திரும்பும் வழியில், புதுச்சத்திரம் தாண்டி பஸ் பழுதாகி நின்றுவிட்டதாம். "பாட்டில்லாம் காலிம்மா" என்றாள். அதன்பிறகு எத்தனை முறை அழைத்தாலும் சுவிட்ச் ஆஃப்.

தண்ணீர் பாட்டிலோடு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஆட்டோ பிடித்துப் போகலாமென்றால், வேறு பஸ்ஸில் அவள் என்னைத் தாண்டி வந்துவிட்டால்? சித்திரை வெயிலில் என் முதுகெல்லாம் வழிந்தது. என் வியர்வையின் மீதே ஆத்திரமாக இருந்தது. சின்ன வயதில் ஆனித் தேர்க் கூட்டத்தில், முகம் சிவந்து, சம்பந்தமில்லாமல் எதையோ பேசி, என் மேல் சரிந்தவள் அவள். அந்தச் சூடு இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

கடலூரிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறிப் பார்த்தேன். கடைசியில் ஒன்றிலிருந்து சொட்டச் சொட்ட இறங்கினாள்.

"வயக்காட்டுல மோட்டார் ஓடிச்சும்மா. போயி தலைய நீட்டிட்டேன். போனும் சேந்து குளிச்சிடுச்சு."

கண்டக்டர் பின்னாலேயே வந்தார். "சீட்டு நனையும், நின்னுகினே வான்னேன். அதுக்கும் சிரிக்குதும்மா உங்க பொண்ணு."

பின்கழுத்தைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்திலிருந்த அம்மாள் ஒரு துண்டை நீட்டினார். "தலைய தொவட்டி வுடும்மா, சளி புடிச்சிக்கப் போவுது."

விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. கையிலிருந்த பாட்டிலைத் திறந்து மகளின் தலையில் ஊற்றினேன். அந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

"நாளான்னைக்கு அடுத்த பரீட்சைம்மா," என்றாள் மகள். "தனியாதான் போவேன்."

காலி பாட்டிலை மூடினேன். அவள் பைக்கு இன்னும் ஒரு பாட்டில் வாங்க வேண்டும்.