பட்டியலில் விடுபட்ட நடை

என் அப்பாவுக்கு வயது அறுபத்தெட்டு. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான் பயோமெடிக்கல் படித்தவள் என்பதால் தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு, இளநீர் கூடவே கூடாது என்று பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அசதியாக இருப்பாரே என்று எங்கே போனாலும் வாசலிலிருந்தே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொள்வேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் இருக்கிறது. ஒரு பௌர்ணமி, டயாலிசிஸ் நாளிலேயே வந்தது. கிரிவலக் கூட்டத்தால் பாதையில் வண்டி விடவில்லை. ஆட்டோ நிற்கும் இடம் அரை கிலோமீட்டர்தான். பாதியிலேயே அப்பாவின் கால்கள் மடங்கிவிட்டன.

"முடியலம்மா. இன்னிக்கு ஒருநாள் வுட்டுடு" என்றார். எப்படி விடுவது? அப்போதே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அங்கே இளநீர் விற்றவர் காய்களை இறக்கிவிட்டு, "ஏறுங்க பெரியவரே, சாமி மாதிரி ஊர்வலம் போலாம்" என்று தன் தள்ளுவண்டியில் ஆட்டோ வரை கொண்டுவந்து விட்டார்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். "மிஷின் ரத்தத்தைத்தாம்மா சுத்தம் பண்ணும். காலுக்கு நீ லீவு குடுத்துட்டியே" என்றார் டாக்டர்.

அவர் சொன்னபடி, டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பத்து நிமிட நடையில் தொடங்கினோம். நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்காரும் பயிற்சியும் உண்டு. இப்போது என் பட்டியலின் முதல் வரியே நடைதான். டிக் போடுவது அப்பா.

ஐந்து மாதம் கழித்து வந்த பௌர்ணமியில் ஆட்டோ வரை நடந்தே வந்தார். "வண்டி வேணுமா பெரியவரே?" என்றார் இளநீர்க்காரர்.

"உன் இளநீரும் கூடாது, வண்டியும் வேணாம்பா!" என்று சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தார் அப்பா.